அடிபட்ட செவிலியருக்காக மருத்துவமனையே புகார் கொடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: அரசு மருத்துவமனைச் செவிலியர் சங்கம், மாவட்டக் கிளை

பெறுநர்: அரசுச் செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை

பொருள்: பணியிட வன்முறையைத் தடுத்தல், நடந்தபின் நடவடிக்கை எடுத்தல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவர்களின் பாதுகாப்பு பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. இரவுப் பணியில் வார்டில் தனியாக நிற்கும் செவிலியரின் நிலையையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2008 முதல் நடைமுறையில் உள்ளது. அது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம், செவிலியருக்கும் பொருந்தும். ஆனால் அடிபட்டவரிடம் முதலில் சொல்லப்படுவது, "விடுங்க சிஸ்டர், ஸ்டேஷன், கோர்ட்டுன்னு உங்களால அலைய முடியுமா?" என்பதுதான். மீறிப் போனால் வழக்குப் பதியாமல் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுகிறார்கள்; மறுநாள் சமாதானப் பேச்சு. அடித்தவர் வசிக்கும் அதே ஊரில் குடியிருக்கும் ஒரு பெண், தன் பெயரில், தன் முகவரியில் எப்படிப் புகார் கொடுப்பார்?

எனவே எங்கள் முதன்மைக் கோரிக்கை: புகார்தாரர் மருத்துவமனையாக இருக்க வேண்டும். வன்முறை நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே முதல் தகவல் அறிக்கை பதிவாகச் செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. அதையே ஆரம்ப சுகாதார நிலையம் வரை கட்டாயமாக்கி அரசாணை வெளியிடுங்கள். வழக்கு முடியும்வரை அரசு வழக்கறிஞரின் உதவியும், காயம் ஆறும்வரை சிறப்பு விடுப்பும் வேண்டும். அடிபட்டவரின் தற்செயல் விடுப்பைக் கழிப்பது அநியாயம்.

கோபம் திடீரென வருவதில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று யாரும் சொல்லாமல் மணிக்கணக்கில் காத்திருக்கும் குடும்பம், கண்ணில் படும் முதல் வெள்ளைச் சீருடை மீது பாய்கிறது. பொது வார்டில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோல். அதன்படி காலியிடங்களை நிரப்புங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் உறவினரிடம் நிலைமையைச் சொல்லவென்றே ஒருவரை நியமியுங்கள். உடனிருப்போர் அனுமதிச் சீட்டு முறையை இரவிலும் கண்டிப்பாக நடத்துங்கள். வசைச்சொல்லையும் மிரட்டலையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கைநீட்டலுக்கு முன்பு பெரும்பாலும் அவைதான் வருகின்றன.

வன்முறை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நோயாளிகள் முன்னிலையில் ஒருமையில் திட்டுவதும், கேள்வி கேட்டால் மெமோ கொடுப்பதும், இடமாற்றம் என மிரட்டுவதும் நடக்கின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியான உள்ளகக் குழு பாலியல் துன்புறுத்தலை மட்டுமே விசாரிக்கும். மற்ற அவமதிப்புகளைச் சொல்ல எங்களுக்கு இடமில்லை. செவிலியர் பிரதிநிதியும் வெளியாள் ஒருவரும் இடம்பெறும் குறைதீர் குழுவை ஒவ்வொரு மருத்துவமனையிலும் அமைத்து, புகார் செய்தவரை விசாரணை முடியும்வரை இடமாற்றம் செய்யத் தடை விதிக்க வேண்டும்.

பணிப் புறக்கணிப்பால் நோயாளிகள் தவிப்பதை நாங்கள் விரும்பவில்லை. எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசி, உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்