மருந்துத் தோம்பில் வெங்காயம் வேண்டாம்



லயத்துப் பக்கம் சுற்றி வரும்போது இப்போதெல்லாம் ஒரு நல்ல காட்சி கண்ணில் படுகிறது. அடுப்படிக்குப் பின்னால், வாசல் படியோரம், சின்ன வெங்காயம் பச்சைப் பசேலென்று முளைத்து நிற்கிறது. மனசுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பல வீடுகளில் அது நிற்பது பாதியாக வெட்டிய களைக்கொல்லி மருந்துத் தோம்பில்!

"என்னம்மா இது, மருந்துத் தோம்பு இல்லையா?" என்று ஒரு தாயாரிடம் கேட்டேன். "சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவிட்டேன் டிரெசரையா, வாசமே இல்லை" என்றார். வாசம் போனால் விஷம் போய்விட்டது என்று அர்த்தமா? பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து சவுக்காரத்துக்கு முழுசாக அசையாது. மூடி திருகும் இடத்திலும் கைப்பிடிக்குள்ளும் மிச்சம் ஒளிந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு தோம்பில் தேங்கிய தண்ணீரை அளைந்து விளையாடிய சின்னப் பையன் அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கிவிட்டான். கண் புண்ணாகி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பார்வை தப்பியது அவன் பெற்றோர் செய்த புண்ணியம்.

பாராகுவாட் என்ற கொடிய மருந்தை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. தடை வந்தது சரி. கொல்லையில் கிடக்கும் பழைய தோம்புக்குத் தடை வந்தது தெரியுமா? இன்று அடிக்கிற மற்ற மருந்துகளும் தண்ணீர் அல்ல. காலித் தோம்பை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்து வரவே கூடாது.

அப்படியென்றால் வெங்காயம் நடவே வேண்டாமா? நட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. 2024 மே மாதம்தான் திறந்துவிட்டது. அந்த நாட்களில் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கடைக்குப் போன தாய்மார்களுக்கு நான் விலை சொல்லத் தேவையில்லை. நாம் தின்னும் வெங்காயத்தில் ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வருவது. செர்டாங்கில் உள்ள மார்டி ஆராய்ச்சிக் கழகம் நம் மண்ணுக்கு ஏற்றதாக மூன்று சின்ன வெங்காய ரகங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 1974-இல் பச்சைப் புத்தகத் திட்டம் வந்தபோது வீட்டுக்கு வீடு காய்கறி போட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம்மால் முடியும்.

ஆனால் எதை நடுவது, எதில் நடுவது என்று தெரிந்து நட வேண்டும். குளிர் நாட்டுப் பெரிய வெங்காயம் காய் கட்டுவதற்கு நீண்ட பகல் வேண்டும். அங்கே கோடையில் 14, 16 மணி நேரம் வெளிச்சம். நமக்கு வருஷம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அந்த ரகத்தை இங்கே நட்டால் தாள் வளரும், காய் கட்டாது. நமக்குச் சின்ன வெங்காயமே தோது.

விதைக்கு எடுத்த வெங்காயத்தை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். ஈரம் ஏறி அழுகும். குளிர் பட்ட வெங்காயம் காய் கட்டுவதை விட்டுப் பூத்தண்டு எடுக்கப் பார்க்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் தப்பு. வலைப் பையிலோ, தாளோடு கொத்தாகக் கட்டியோ, காற்றாடும் நிழலில் தொங்க விடுங்கள். அடுப்புப் புகையும் மழைச் சாரலும் படக் கூடாது. தொட்டால் கொழகொழப்பாக இருப்பதையும், தோலுக்கடியில் கரும்பொடி பிடித்ததையும் விதைக்கு எடுக்காதீர்கள்.

இடம் இல்லையென்று சொல்லாதீர்கள். ஒரு சாண் ஆழமுள்ள பழைய வாளி, பிஸ்கட் டின், அரிசிப் பை போதும். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன சொந்தபந்தங்களும் வெயில் விழும் சன்னலோரத்தில் இதைச் செய்யலாம். அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். மண்ணும் மணலும் நன்கு மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். வேர்ப்பக்கம் கீழே, நுனி மண் மட்டத்தில் தெரிய, நாலு விரல் இடைவெளியில் ஊன்றுங்கள். ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஒரு மாதத்துக்குள் தாள் கிள்ளலாம். கீரை இல்லாத வீட்டுக்கு அதுவே கீரை. இரண்டு மாதத்துக்கு மேல் தாள் சாய்ந்து காய்ந்தால் காய் எடுக்கலாம். அக்டோபர், நவம்பர் அடைமழையில் காய் முற்றும்படி நட்டால் அழுகல்தான் மிஞ்சும்.

இன்னொன்று. வாளிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் ஒரே வாரத்தில் ஏடிஸ் கொசு பறக்கத் தயாராகிவிடும். டிங்கிக் காய்ச்சலில் சிலாங்கூர்தான் ஆண்டுதோறும் முன்னால் நிற்கிறது. வெங்காயத்தில் மிச்சம் பிடித்த நாலு வெள்ளி அபராதத்தில் போகலாம். அதைவிடக் குழந்தை காய்ச்சலில் படுத்தால் என்ன செய்வது?

கடைசியாக ஒரு வார்த்தை. மருந்துத் தோம்பில் நடும் தாயாரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. அவருக்கு வேறு எதுவும் கையில் கிடைக்கவில்லை. போருக்கு முந்திய தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு பயிர் செய்ய ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. அது சுமார் 2,700 சதுர அடி! பாட்டனுக்குக் கொடுக்கச் சொன்ன மண் இருக்க, பேத்தி விஷத் தோம்பில் நடுகிறாள். அடுத்த கிளைக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கையை எழுப்புங்கள்: காலித் தோம்புகளை நிர்வாகம் எண்ணி வாங்கி அழிக்க வேண்டும், லயத்துக்குப் பக்கத்தில் மருந்து அடிக்காத ஒரு துண்டு நிலம் தர வேண்டும்.

அதுவரை, இன்று வீட்டுக்குப் போனதும் கொல்லையைப் பாருங்கள். மருந்துத் தோம்பு இருந்தால் செடி மண்ணோடு அப்படியே அப்புறப்படுத்துங்கள். வெங்காயம் மறுபடி முளைக்கும். பிள்ளையின் கண் முளைக்காது.