பெயர் கிழிந்த புத்தகங்கள்

"பாமரனின் அபிப்பிராயத்துக்கு விமர்சனத்தில் இடமில்லை" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு வந்த கடிதத்தில்தான். ஆனாலும் இதையே அவர் கூட்டங்களிலும் சொல்லி வருவதால் பதிலைப் பொதுவில் சொல்வதில் தவறில்லை. ஆரணி நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி, சமீபத்தில் எடுத்துப் படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிவித்திருந்தேன். அதற்கு வந்த தீர்ப்பு இது. "கதைச்சுருக்கம் சொல்லும் கும்பல்" என்றும் சேர்த்திருக்கிறார்.

கும்பல் யார் என்று சொல்லிவிடுகிறேன். பட்டுத்தறி நெய்கிறவர்கள் மூன்று பேர், அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர், ரிடையரான ஆசிரியர் ஒருவர், ரமணிசந்திரனைத் தவிர வேறெதையும் தொடாத ஓர் அம்மாள், பாங்கு குமாஸ்தாவாகிய நான். அடுத்த மேஜையில் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கும் பையன்கள் எங்கள் சத்தத்தைச் சகித்துக்கொண்டிருப்பார்கள். சில மாதம் சகிப்பதில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரு நெசவாளி ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' பற்றிப் பேசினார். 1953இல் வந்த நாவல். திருநெல்வேலிப் பக்கத்துக் கைத்தறி நெசவாளர்கள் நூலுக்கும் சோற்றுக்கும் தவித்த கதை. செக் மொழி வரை போய்விட்டது. தறிக்குழிக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம். அவர் சொன்னது இது: "நூல் கிடைக்கலைன்னா சர்க்காரைக் கேக்கலாம், ஊர்வலம் போவலாம், சார். எங்களுக்குப் பட்டும் ஜரிகையும் மொதலாளியே குடுத்துடறாரு, மேல முன்பணமும் குடுத்துடறாரு. கல்யாணம் காட்சின்னா அவர்தான். இப்ப யாரை எதுத்து ஊர்வலம் போறது?"

கதைச்சுருக்கம் எங்கே இருக்கிறது இதில்? கண்ணுக்குத் தெரிகிற எதிரி ஒருவன் இல்லாமல் அந்த வகை நாவலுக்குக் கட்டுக்கோப்பு அமையாது என்பதையும், முன்பணத்தில் கட்டுண்டவனின் வாழ்க்கைக்கு அந்த உருவம் போதாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சோஷலிச யதார்த்தவாதம் பற்றி நம்முடைய பத்திரிகைகளில் இரு தரப்பும் எத்தனை பக்கம் எழுதித் தள்ளியிருக்கின்றன! உருவம் என்றால் உள்ளடக்கம் என்பார்கள், உள்ளடக்கம் என்றால் உருவம் என்பார்கள். இந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

இன்னொருவர் எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ'யை எடுத்திருந்தார். 1975இல் வந்தது. சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கை. எழுதியவரும் அந்தச் சமூகத்தில் பிறந்து ஜரிகை வியாபாரம் பார்த்தவர். "அந்த ஆளு தறியை விட்டு எழுந்து போறப்பல்லாம் எத்தினி முழம் போச்சுன்னு மனசு கணக்குப் போட்டுக்கினே இருந்துச்சு. அவன் சம்சாரத்து மேல பரிதாபம் வர்றதுக்கு முன்னால அதுதான் வந்துச்சு" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் நாவலின் காலத்தை முழத்தால் அளக்கிற வாசகன் எந்த விமர்சகனுக்காவது வாய்த்திருக்கிறானா? கதாபாத்திரத்தின் மனப்போராட்டம் அவனுக்கு என்ன விலையில் வருகிறது என்று கேட்கிற வாசிப்பு அது. மேலான வாசிப்பு என்று நான் சொல்லவில்லை. சொந்தமான வாசிப்பு.

நண்பர் ஆங்கில விமர்சனம் கற்றவர். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்ன கதையை அவரே எனக்குச் சொன்னார். 1929இல் அது புத்தகமாக வந்தது. பெயரை எடுத்துவிட்டால் படித்தவர்கள் எப்படித் தடுமாறுகிறார்கள் என்பதுதான் அதில் வெளிப்பட்டது. எங்கள் ஊர் நூலகத்தில் அந்தச் சோதனை தினசரி நடக்கிறது. பத்துக் கை மாறிய புத்தகம் பைண்டிங்குக்குப் போனால் அட்டை போய்விடும், பல சமயம் முதல் தாளும் போய்விடும். காலிகோவின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும். பெயர், பரிசு, முன்னுரைப் புகழ்ச்சி எதுவும் வழிகாட்டாமல் முதல் வரியிலிருந்து தன் புத்தியை மட்டும் நம்பிப் படிக்கிறவன் அங்கே இருக்கிறான். நம் வட்டத்தில் முதலில் பெயரைப் பார்க்கிறோம், பிறகு வெளியிட்டவர் யார் அணி என்று பார்க்கிறோம், அப்புறம் புத்தகத்தைப் பிரிப்பதற்கு அவசியமே இருப்பதில்லை. க.நா.சு. படித்திருக்கிறீர்களா என்று கேட்டபோது அது ஓர் அழைப்பாக இருந்தது. நம் வாயில் அது போலீஸ் விசாரணை.

ரமணிசந்திரன் அம்மாளைப் பற்றி நண்பர் கேலி செய்வார், தெரியும். அவர் சொன்னதையும் கேட்கட்டும்: "கடைசிப் பத்துப் பக்கம் எல்லாத்துலயும் ஒண்ணுதாங்க. அது தெரிஞ்சுதான் எடுக்கறேன். வீட்ல எதுவும் அப்படி முடியறதில்ல." ஜனரஞ்சக எழுத்தின் மயக்கத்தில் கிடக்கிற பேதை என்று நாம் யாரைக் கற்பித்து வைத்திருக்கிறோமோ, அவள் மயங்கவில்லை. அறிந்தே மயக்கத்தை வாங்கிப் போகிறாள். இதனால் அந்த நாவல்கள் இலக்கியமாகிவிடாது. நம்முடைய கட்டுரைகளில் வருகிற அந்த வாசகி பொய் என்று மட்டும் ஆகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, பணம் சம்பந்தப்பட்டது. 1948ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. தறி போட்ட வீட்டுக்காரனும் கட்டுகிறான். அந்தப் பணத்தில்தான் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறார்கள், அந்த ஆர்டரை நம்பித்தான் நம்மில் பலருடைய கவிதைத் தொகுதி அச்சேறுகிறது. நண்பருடைய தொகுதியும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. பின்பக்கம் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. அது கவிதையின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நல்ல கவிதை சிலது உண்டு. ஆனால் அச்சுக்கூலி கொடுத்தவனை வாயைத் திறக்காதே என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

எங்கள் கூட்டத்தை நான் பூஜிக்கவில்லை. சலிப்பூட்டும் பேச்சு நிறைய உண்டு. ஆசிரியர் எல்லாப் புத்தகத்திலும் நீதி தேடுவார். ஆலைக் கணக்கர் சாண்டில்யனில் ஆரம்பித்தால் மணி அடிக்க வேண்டியிருக்கும். ஆனால் வாசகர் வட்டம் என்று பலகை கட்டி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, வாசகன் மட்டும் வாய் மூடி உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகும் விழாக்களை நம் ஆட்கள் யாரும் தாக்கி எழுதியதில்லை. அங்கே விருந்தினர் நாம்.

அடுத்த மாதம் நண்பர் ஆரணிக்கு வரலாம். வேலூரிலிருந்து பஸ் உண்டு. ஐந்து நிமிஷம் அவருக்கும் கிடைக்கும். பேச வேண்டிய புத்தகத்தை நான் முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிடுகிறேன். முதல் தாள் இருக்காது.