அந்தப் பட்டியலில் யாருடைய முகம்?

தேசப் பாதுகாப்பு என்ற பேச்சு வந்தாலே நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அது ஓய்வுபெற்ற அதிகாரிகள் பேசவேண்டிய விஷயம் என்று விட்டுவிடுகிறோம். தொலைக்காட்சி விவாதங்களிலும் முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் எவ்வளவு துல்லியமானது என்றுதான் பேசுகிறார்கள். அது யாருடைய முகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது என்று கேட்பவர் குறைவு. சாதி ஒழிப்பு பேசும் நாம் அதைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்கிறேன்.

வரலாறு நமக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1871-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. பின்னர் கைரேகை என்ற புதிய தொழில்நுட்பம் அதற்குத் துணைபோனது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். ரேகை பொய் சொல்லாது என்பார்கள். சரி, ரேகை பொய் சொல்லவில்லை. யாரிடம் ரேகை எடுப்பது என்று முடிவுசெய்த பட்டியல்தான் பொய்.

அதே 1920-இல்தான் கைதிகளை அடையாளம் காணும் சட்டமும் வந்தது. 2022-இல் ஒன்றிய அரசு அதை நீக்கிவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவந்தது. இப்போது ரேகையோடு கருவிழி, உடல் மாதிரி, கையெழுத்து வரை எடுக்கலாம். 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டியதில்லை, கைதானாலே போதும். விடுதலையானால் அழிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது; ஆனால் மேல்முறையீடுகள் எல்லாம் முடியும்வரை காத்திருக்கவேண்டும்.

இந்த நாட்டில் யார் எளிதாகக் கைதாகிறார்கள்? 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 சதவீதம். விசாரணைக் கைதிகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ‘ஜெய் பீம்’ படத்தின் தொடக்கக் காட்சி நினைவிருக்கிறதா? சிறை வாசலில் சாதி கேட்டுப் பிரிப்பார்கள். அந்த வேலையை இனிமேல் கேட்காமலேயே செய்யமுடியும். பழைய வழக்குப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினால் போதும்.

இயந்திரமும் அப்படியொன்றும் நம்பகமானதல்ல. காணாமல்போன குழந்தைகள் தொடர்பான வழக்கில், தன் மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம்தான் என்று டெல்லி போலீஸே 2018-இல் உயர்நீதிமன்றத்தில் சொன்னது. 2020 டெல்லி கலவரத்துக்குப் பிறகு, முக அடையாள மென்பொருளால் 1,100-க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

அப்படியானால் பயங்கரவாதத்தைத் தடுக்கவேண்டாமா என்று கேட்பீர்கள். தடுக்கத்தான் வேண்டும். 2008 மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்த எளிய மக்களும் அதில் உண்டு. ஆனால் அந்தத் துயரத்தைக் காட்டி ஒரே மாதத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். என்ஐஏ அமைக்கப்பட்டது, ஊபா சட்டத்தில் பிணை கிடைப்பதே அரிதாக்கப்பட்டது. அதே என்ஐஏ, அதே ஊபா, பீமா கோரேகான் வழக்கில் ஆனந்த் டெல்டும்டேவை 2020 ஏப்ரல் 14 அன்று, அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாளில் சிறைக்கு அனுப்பின. அவர் பிணையில் வெளிவர 31 மாதங்கள் ஆயின. அதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியில் ஆவணங்கள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் 2021-இல் அறிக்கை தந்தது. தொழில்நுட்பம் சாட்சியை உருவாக்கவும் செய்யும் என்பதை மறக்கவேண்டாம்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கவேண்டும். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்தத் தனிச் சட்டம் இல்லாதவரை காவல்துறை அதைக் கைவிடவேண்டும். தரவுத்தளத்தில் எந்தச் சமூகத்தினர் எவ்வளவு பேர் என்பதை, தனிநபர் பெயரின்றி, ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கவேண்டும். விடுதலையானவரின் பதிவை அவர் மனு எழுதி அலையாமல் அரசே அழிக்கவேண்டும். சிறைப் பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்கச்சொல்லி உச்சநீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. காகிதத்திலிருந்து நீக்கப்பட்ட சாதி கணினிக்குள் குடியேறாமல் பார்ப்பது நம் வேலை.

தோழர்களே, அடுத்தமுறை உங்கள் ஊரில் புதிய கேமரா திட்டம் என்று செய்தி வந்தால், எத்தனை கோடி என்பதோடு நின்றுவிடாதீர்கள். யாருடைய பட்டியலை அதில் ஏற்றியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பெருங்காமநல்லூர் மக்களுக்கு அந்த வழிகூட இருக்கவில்லை.