மறைக்க வேண்டுமா மந்திரத்தை?

(மாணவி, இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் இரவு முழுச் சந்திர கிரகணம். பதினொரு மணிக்குமேல் நிலவு செம்பு நிறமாக நின்றபோது, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என் தம்பி ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு நின்றான். எண்பதைக் கடந்த தாத்தா அவன் காதில் ஏதோ ஓதினார். அம்மாவையும் என்னையும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

பாம்புக்கடி மந்திரம்! கிரகண நேரத்தில் ஈரத்தோடு நின்று பெற்றால்தான் பலிக்குமாம். வெளியே சொன்னால் பலிதம் போய்விடும். சொன்னவனுக்கும் கேடு வரும். பெண்களுக்குச் சொல்லவே கூடாது. தம்பி பத்தாம் வகுப்பு. பல்லி விழுந்தாலே கட்டில்மேல் ஏறிக்கொள்பவன். குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவள் நான். அதிலும் விலங்கியல் படிக்கிறவள். ஆயினும் என் இடம் கதவுக்கு உட்புறம்தான்.

இத்தகைய மறைபொருளை எல்லார்க்கும் சொல்லலாமா என்பது இன்று நேற்று எழுந்த வழக்கன்று. அவ்வழக்கின் நடுவே நிற்பவர் நம் ஊருக்கு அயலாரும் அல்லர். திருப்பெரும்பூதூரில் பிறந்து, காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டு, வரதராசப் பெருமாளுக்குச் சாலைக்கிணற்று நீர் சுமந்த இராமானுசரே அவர். பின்னாளில் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்கச் சென்றார். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடை. பதினேழு முறை திருப்பி அனுப்பப்பட்டுப் பதினெட்டாம் முறை பெற்றார். யாருக்கும் சொல்லாதே, சொன்னால் நரகம் என்பது ஆசிரியர் இட்ட கட்டளை. இராமானுசரோ கோயிலின் உயரத்தில் ஏறி நின்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். இத்தனை பேர் உய்வதற்கு நான் ஒருவன் நரகம் போவது பெரிதில்லை என்று நம்பிக்கு விடையும் சொன்னார். குருபரம்பரை நூல்கள் இந்நிகழ்ச்சியை ஒரே விதமாகச் சொல்லவில்லை. ஆனால் நம் மக்கள் மனத்தில் நிற்பது கோபுரத்தின்மேல் நிற்கும் அந்த உருவம்தான்.

மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் நம்பியைக் கருமியாக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினேழு முறை திருப்பியது தாகம் உண்மையா என்று அறிவதற்காகவும் இருக்கலாம் அல்லவா? இராமானுசரின் விடையைக் கேட்டு அவரை அணைத்துக்கொண்டவரும் அதே நம்பிதானே!

"கொழந்த கையில கத்தியக் குடுப்பியாம்மா?" என்பார் என் தாத்தா. அவர் கேள்வியிலும் நியாயம் உண்டு. சித்த மருத்துவ நூல்கள் பரிபாஷையில் எழுதப்பட்டமைக்கும் இதே காரணத்தைச் சொல்வர். இரசத்தைச் சுத்தி செய்யத் தெரியாதவன் மருந்தென்று கொடுத்தால் அது நஞ்சாகும். முப்பு என்றால் என்ன என்பதில் இன்றுவரை வாதம் ஓயவில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. காதோடு காதாகச் சொல்லப்பட்டவை கரும்பலகைக்கு வந்துவிட்டன. நம் கல்லூரி ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை. புட்டியின்மேல் அபாயம் என்று எழுதி, பக்கத்தில் நின்று கற்றுக் கொடுக்கிறார்கள். கத்தியைக் குழந்தையிடம் கொடுக்க வேண்டாம். கத்தி வெட்டும் என்பதையுமா மறைக்க வேண்டும்?

இவ்வளவையும் நான் வாதத்திற்காகச் சொல்லவில்லை. எனக்கு எட்டு வயதாயிருக்கும்போது, ஐப்பசி மழையில் தறிக்குழிகளில் நீர் ஊறிக் கிடந்த ஓர் இரவு, எங்கள் தெரு அத்தை ஒருவரைத் தாத்தாவிடம் அழைத்து வந்தார்கள். தரையில் படுத்திருந்தவருக்குக் காதோரம் ஏதோ சுருக்கென்றதாம். விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். பல் பட்ட தடம் இல்லை, வீக்கம் இல்லை. தாத்தா மந்திரித்தார். வேப்பிலை கொடுத்தார். "கசக்குது" என்றார் அத்தை. விஷம் ஏறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். விடியற்காலையில் அத்தையால் இமையைத் தூக்க முடியவில்லை. பேச்சுக் குழறியது. வண்டி கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. தாத்தா அதன்பின் பல மாதங்கள் யாருக்கும் மந்திரிக்கவில்லை. ஏன் என்று கேட்க வீட்டில் எவருக்கும் துணிவில்லை.

இமை தொங்குவது கட்டுவிரியன் கடித்ததற்கு அடையாளம் என்பதை இக்கல்லூரிக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். அந்தப் பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குவோரைத்தான் கடிக்கிறது. வலியோ தடமோ தெரியாமலும் போகும். அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படியானால் அதுவரை தாத்தாவிடம் வந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. நஞ்சுள்ளவை அறுபதுக்குச் சற்று அதிகம். சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்து வந்தவர்கள் மந்திரம் இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். நல்லபாம்பேகூடச் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. பிழைத்தவர்கள் ஊரெல்லாம் புகழ் பரப்பினார்கள். பிழைக்காதவர் எங்கே வந்து பேசப்போகிறார்?

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழக அரசு 2024 நவம்பரில் இதை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது.

பாம்பறிவில் இருளர் மக்களை விஞ்சியவர் யார்? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வணிகம் நின்று அவர்கள் பிழைப்பிழந்தார்கள். பின் 1978இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலும் நஞ்செடுத்து, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் விஷமுறிவு மருந்து உருவாகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் அமெரிக்காவின் புளோரிடா வரை சென்று மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலர் பார்க்கக் கைவேலையைச் செய்தார்களே, வித்தை பலிக்காமலா போயிற்று?

எங்கள் வீட்டிலேயே இன்னொரு வித்தையும் இருக்கிறது. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் வைத்துக் கோர்வை போடுவது. அதை அப்பா எந்தக் கிரகணமும் பாராமல் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பெண் என்று கதவைச் சாத்தவில்லை. எப்படிச் சாத்துவார்? மறுபக்கம் உட்கார்ந்து நாடா தள்ள ஆள் வேண்டுமே!

இனி, கதவுக்கு அப்பால் ஓதப்பட்டது என்ன? மூன்றாம் நாளே தம்பி என்னிடம் சொல்லிவிட்டான். விலை இரண்டு பரோட்டா. கருடன் பெயர் வரும் இரண்டு வரி. பொருள் தெரியாத சில எழுத்துகள். அதைத் தொடர்ந்து விதிகள். கடிபட்டவரை நடக்க விடாதே, அசைக்காதே, பயமுறுத்தாதே. இவை முற்றும் சரி. மருத்துவர் சொல்வதும் இதுவே. அதற்கடுத்து, கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, வேப்பிலை கசக்கிறதா பார். இவை முற்றும் தவறு. நல்லதும் கெட்டதும் ஒரே முடிச்சில் கிடந்திருக்கின்றன. தாத்தாவின் பாட்டனார் காலம் முதல் காதிலிருந்து காதுக்கே வந்ததால், இது சரி, இது தவறு என்று பிரித்துச் சொல்ல ஒருவருக்கும் வாய்க்கவில்லை. மறைத்ததால் நேர்ந்த தீங்கு இதுவென்றே நான் கருதுகிறேன். வெளியே தெரிந்திருந்தால் பள்ளி ஆசிரியரோ ஒரு செவிலியரோ அந்த வேப்பிலையைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள்.

ஆகையால் நான் அறிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். தடம் இல்லையென்று நம்பி வீட்டில் படுக்க வைக்காதீர்கள். கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

கருடன் வரும் அந்த இரண்டு வரிகளை மட்டும் எழுதவில்லை. பலிதம் போய்விடும் என்ற அச்சம் எனக்கில்லை. அவை தாத்தாவின் சொத்து. அவரைக் கேட்காமல் எப்படி எழுதுவது? இக்கட்டுரையை மலர்க்குழுவிடம் கொடுப்பதற்கு முன்னாள் இரவு அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். தம்பி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

தாத்தா அவனைத் திட்டவில்லை. எழுதலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "இமை தொங்கினா அது விஷந்தானா?" என்றார்.

ஆமாம் தாத்தா என்றேன்.

"அப்பவே தூக்கிக்கினு போயிருந்தா?"

பிழைத்திருக்கலாம் என்றேன். அதன்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை.