நெஞ்சுச் சதையில் புதுக் கன்னம்!

வாயில் ஒரு புண். ஐந்து மாதமாக ஆறவில்லை. ஆள் மூட்டை தூக்கும் தொழிலாளி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டார். "சூடுதாண்ணே, பி காம்ப்ளக்ஸ் போடுங்க" என்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போனார். தடவ மருந்து கொடுத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையவில்லை. வலது கன்னத்தை அப்படியே வெட்டி எடுத்தார்கள் டாக்டர்கள். புற்றுநோய்!

இப்போது அவருக்குக் கன்னம் இருக்கிறது. நெஞ்சிலிருந்து வந்த கன்னம். "இதுலயும் முடி முளைக்குது சார், நெஞ்சு முடி. ஷேவ் பண்ணிக்கிறேன்" என்று சிரிக்கிறார். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. ஆனால் குடிக்கிற கஞ்சி வெளியே ஒழுகவில்லை. பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் சினிமாக்காரர்கள் மூக்கைச் சரி செய்வது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கன்னமோ தாடையோ போனவனுக்கு அது சோறு தின்கிற விஷயம்.

நெஞ்சுத் தசையை இப்படி எடுத்து வைக்கலாம் என்று 1979-ல் அமெரிக்க டாக்டர் ஸ்டீபன் ஆரியன் எழுதினார். தோலும் சதையும் ரத்தக் குழாயோடு சேர்ந்தே வரும். குழாயை அறுப்பதில்லை. காறை எலும்புக்கு மேலே, தோலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி வழி செய்து வாய்க்குக் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். மைக்ராஸ்கோப் வேண்டாம். அதனால்தான் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இன்றும் இது கைகொடுக்கிறது.

தாடை எலும்பே போய்விட்டால்? முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு உண்டு. மெலிந்த எலும்பை எடுத்துவிட்டாலும் மனுஷன் நடப்பான். அதை அறுத்து, வளைவாகச் சேர்த்து, தாடையாக வைக்கிறார்கள். நியூயார்க்கில் டாக்டர் ஹிடால்கோ 1989-ல் இந்த முறையை வெளியிட்டார். இதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ரத்தக் குழாயை, தலைமுடியைவிட மெல்லிய நூலால் கழுத்துக் குழாயோடு தைக்கவேண்டும். முதல் சில நாள் ராத்திரி பகலாக நர்சுகள் நிறம் பார்ப்பார்கள். சதை நீலம் பாய்ந்தால் உடனே மறுபடி தியேட்டர்தான்.

நமக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. திப்பு சுல்தானுடன் நடந்த சண்டையில் பிடிபட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனா பக்கம் நெற்றித் தோலில் புது மூக்கு வைத்தார்கள். 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்த செய்தி இது. கிரைம் நிருபருக்கு இது மறக்குமா?

ஆனால் உயிர் இருந்தால்தானே கன்னம்? அதற்கும் பதில் நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஆரம்ப நிலை வாய்ப்புற்று நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாய் ஆபரேஷனோடு கழுத்து நெறிக்கட்டிகளையும் அப்போதே எடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கட்டி தெரிந்த பிறகு எடுத்தார்கள். 500 பேரின் கணக்கு 2015-ல் வந்தது. மூன்று வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 80. இரண்டாவதில் 67.5. உலகம் பூராவும் டாக்டர்கள் படித்த ஆராய்ச்சி!

இந்தக் கணக்கு சீக்கிரம் வந்தவர்களுக்கு மட்டும்தான். ஐந்து மாதம் மாத்திரை தின்றவருக்கு இல்லை.

ஆகவே கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது. பிடிபட்ட மூட்டைகளின் செய்தியை நாமும் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. எங்கே கிடைக்கும் என்று போலீசுக்கும் தெரியும், ஸ்கூல் பையனுக்கும் தெரியும். மெடிக்கல் ஷாப் அண்ணன்மார்களே, ஒரே ஆள் வாய்ப்புண்ணுக்கு இரண்டாம் தடவை மருந்து கேட்டால் விற்காதீர்கள். "ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லுங்கள். ஒரு மாத்திரை அட்டை வியாபாரம் போனால் போகட்டும்.

மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, மூன்று விரல் நுழையாத வாய். இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் வீட்டுக்குப் போனதும் கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடி முன்னால் மூன்று விரலை வைத்துப் பாருங்கள்.