கடை திறந்தவன் கதவடைக்கலாமா?

மத சுதந்திரம் என்பது, மனிதன் தன் மனம் ஒப்பிய கடவுளை வணங்கவும், ஒப்பாத கடவுளை வணங்காதிருக்கவும் பெற்ற உரிமையாகும். இவ்வுரிமையை எவரிடமிருந்தும் பறிக்க யாம் விரும்பவில்லை. ஆனால், தெருவிலே பலகை மாட்டி, வருவோர் போவோரையெல்லாம் வாருங்கள் என்றழைத்து வியாபாரம் செய்யும் ஒருவர், வந்தவர் இன்னாரென்று கண்டதும், "உமக்கு விற்க என் மதம் இடங்கொடுக்கவில்லை" என்று கூறுவதும் அவ்வுரிமையில் அடங்குமா என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி. அடங்காது என்பது எமது அபிப்பிராயம். அதற்குரிய நியாயங்களைக் கூறுவோம்.

2017-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஜொகூரைச் சேர்ந்த மூவார் நகரில், தானியங்கி இயந்திரங்கள் வைத்திருந்த ஒரு சலவைக் கடையில், முஸ்லிம்கள் மட்டுமே வரலாம் என்று ஓர் அறிவிப்புத் தொங்கிற்று. துணியின் சுத்தம் மார்க்க விஷயம் என்பது கடைக்காரர் சொன்ன சமாதானம். ஜொகூர் சுல்தான், தாமே அந்த ராஜ்யத்தின் இஸ்லாமிய மதத் தலைவராயிருந்தும், இதனைப் பொறுக்கவில்லை. பாகுபாட்டை நிறுத்துக, இல்லையேல் கடையை மூடுக என்று ஆணையிட்டார். ஜொகூர் தாலிபான் ராஜ்யம் அன்று என்றும் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார், அறிவிப்பும் போயிற்று. பெர்லிஸ் ராஜ்யத்துக் கங்காரிலும் இத்தகைய அறிவிப்பு ஒன்று நீக்கப்பட்டது. அடுத்த மாதமே மலாய் ஆட்சியாளர்கள் ஒன்றுகூடி, இன மத ஒற்றுமை குலைவது பற்றிக் கவலை தெரிவித்து அறிக்கை விடுத்தனர். இச்செய்திகளைப் படித்து மகிழாத தமிழர் யார்?

நிற்க. அவ்வாறு மகிழ்ந்த நம்மவரை ஒன்று கேட்கின்றோம். தம் பாலாரிடமே காதல் கொள்ளும் இயல்புடைய இருவர், அதாவது இக்காலத்தில் தன்பாலீர்ப்பாளர் எனப்படுவோர், நாளை உங்கள் கடைக்கு முடி திருத்திக்கொள்ளவோ, வேட்டி எடுக்கவோ, சோறுண்ணவோ வந்தால் என்ன செய்வீர்கள்? "எங்கள் மதத்துக்கு அடாது, வெளியே போங்கள்" என்பீர்களாயின், மூவார்ப் பலகைக்கும் உங்கள் நாவுக்கும் என்ன வித்தியாசம்?

இந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஏ பிரிவு இயற்கைக்கு மாறான உடற்கூட்டுறவைக் குற்றமென்கின்றதே என்று சிலர் சட்டப் புத்தகத்தைத் தூக்கி வருவர். இந்தியாவில் இதற்கு இணையாயிருந்த 377-ஆம் பிரிவு, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவைப் பொறுத்தமட்டில் செல்லாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தீர்ப்பளித்தது. இங்கோ அது இன்னும் இருக்கின்றது. இருப்பினும், முடி திருத்துவதும் வேட்டி விற்பதும் குற்றமென்று அச்சட்டத்தில் எங்கே எழுதியிருக்கின்றது? சவரக் கத்தி பிடித்தவரை நீதிபதியாக நியமித்தது யார்?

மதத்தின் பேரால் கடைவாசலில் ஆளைத் தரம் பிரிப்பது தமிழனுக்குப் புதிய விஷயமா? ஆதிதிராவிடருக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர்கள், தாம் கொடுமை செய்வதாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆசாரத்தைக் காப்பதாகவே சொன்னார்கள். தென்னிந்திய ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்றிருந்த வழக்கமும் ஆசாரத்தின் பேரால்தான் நின்றது. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941-இல் அது ஒழிந்தது. பிறகு இந்தியச் சர்க்கார் 1955-இல் இயற்றிய தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, பிறருக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளின்படி ஒருவருக்குப் பொருள் விற்கவோ வேலை செய்து கொடுக்கவோ தீண்டாமையைக் காட்டி மறுப்பதைத் தண்டனைக்குரியதாக்கிற்று. அமெரிக்காவின் தென் கரோலினாவிலும், கறுப்பர்களுக்குச் சமமாக உணவு பரிமாறுவது கடவுளின் சித்தத்துக்கு மாறானது என்று உணவுக்கடை முதலாளி ஒருவர் வழக்காடினார். அவ்வாதம் அற்பமானதென்று 1968-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளிற்று.

அப்படியானால் மனச்சாட்சிக்கு விரோதமான எதையும் ஒரு தொழிலாளி எழுதிக் கொடுத்தே தீரவேண்டுமா என்பர் சிலர். இது நேர்மையான கேள்வி. 2014-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கேக் கடை ஒன்று, தன்பாலீர்ப்பாளர் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் எழுதிய கேக்கைச் செய்ய மறுத்தது. அவ்வாசகத்தை எவர் கேட்டிருப்பினும் கடை மறுத்திருக்கும், கேட்ட ஆளை அது வெறுக்கவில்லை என்று கண்டு, பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2018-இல் கடையின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2013-இல், பதிவுசெய்து இணைந்து வாழ்ந்த ஆடவர் இருவருக்கு இரட்டைக் கட்டில் அறை தர மறுத்த கார்ன்வால் விடுதிக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் எல்லை விளங்கும். ஒரு வாசகத்தை மறுக்கலாம், மனிதனை மறுக்கலாகாது. எந்தத் திருமணத்தை எந்தக் கோயிலில் நடத்துவது என்பதும் அவ்வம்மதத்தார் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமே. யாம் பேசுவது கல்லாப்பெட்டி வைத்த இடத்தைப் பற்றி மட்டும்.

வேறு கடைக்குப் போகட்டுமே என்பது கடைசி வாதம். சிற்றூர்களில் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் மறுத்த செய்தி மாலைக்குள் மற்ற கடைகளுக்கு எட்டிவிடும். அன்றியும், வாடகைக்கு அறை தேடிப் போய், "இந்தியருக்குக் கொடுப்பதில்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் தமிழ் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். வேறு வீடு கிடைத்துவிட்டது என்பதால் அவர்கள் நெஞ்சிலே பட்ட அவமானம் ஆறிவிட்டதா?

இதை எழுதுகின்றவன் தோட்டத்துக் கிராணி. செக்ரோலில் பெயருண்டு, வேலை செய்த நாளுண்டு, வெட்டிய செம்பனைக் குலையின் கணக்குண்டு. வேலையாள் யாரை நேசிக்கின்றான் என்பதற்குக் கட்டமில்லை. தமிழனாயினும், இந்தோனேசியனாயினும், வங்காளதேசத்தவனாயினும் ஒரே கணக்குத்தான். என் மதத்துக்கு ஒவ்வாதவன் என்று ஒருவனுடைய நாள்கூலியைக் கிராணி எழுதாது விடுவானாயின், அதைப் பக்தி என்பீர்களா, திருட்டு என்பீர்களா?

நம் அரசியலமைப்பின் 8-ஆம் விதி சமத்துவத்தைக் கூறினும், அரசியலமைப்பின் உரிமைகளைத் தனியார்மீது செலுத்த இயலாதென்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் கூறியுள்ளது. அதனாலன்றோ மூவார்ப் பலகையை இறக்க ஒரு சுல்தானே முன்வரவேண்டியிருந்தது. கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் வேண்டும் என்று கேட்பது நம் கடமை. ஆனால் அது வரும்வரை தமிழ் வியாபாரிகள் காத்திருக்க வேண்டுவதில்லை. வாசலில் விரட்டப்படுவது எத்தகையதென்று நம் பாட்டன்மார் அறிவர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கடைகளில் அத்தகைய பலகை ஏறாதிருக்கச் சுல்தானின் ஆணையா வேண்டும்?