குடும்பத் திண்ணை: அறிவுரைக்குப் பஞ்சமில்லை



இவ்வுலகில் விலை கொடாமல் கிடைப்பவை மூன்று என்பது என் துணிபு. ஒன்று காற்று, மற்றொன்று வெயில், மூன்றாவது, குழந்தை வளர்ப்பைப் பற்றிய அறிவுரை. முதல் இரண்டும் சில வேளைகளில் குறைவதுண்டு. மூன்றாவதோ எக்காலத்தும் குறைவதில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் தெருவில் பத்தடி நடந்து பார்க்கட்டும். பதினோர் அறிவுரைகளோடு வீடு திரும்புவாள்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் மகளையும், பிறந்து ஆறு வாரமே ஆகியிருந்த பேரனையும் அழைத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றிருந்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது தமிழ்நாட்டுத் தாய்மார் அனைவரும் அறிந்ததே. வழக்கமாக உடன் செல்ல வேண்டிய என் மனைவிக்கு அன்று மூட்டுவலி. ஆகவே குழந்தையின் துணிப்பையைச் சுமக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

தாழ்வாரத்துப் பலகையில் இடம் பிடித்து அமர்ந்தோம். எங்கள் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அங்கு நான் கண்ட மனித வகைகளை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். உங்கள் ஊரிலும் இவர்கள் உண்டு. சிலர் உங்கள் வீட்டிலேயே இருக்கவும் கூடும். பெயர் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

முதலாமவர், 'எங்கள் காலத்து' ஆச்சி. கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்திருந்தார். "ஏழு பெற்றேன். ஓர் ஊசி உண்டா, ஒரு மாத்திரை உண்டா? எல்லாம் தானாக வளர்ந்தன. இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தும்மினாலும் டாக்டர் வேண்டும்" என்று தாழ்வாரம் முழுவதும் கேட்கும்படி அறிவித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாமவர், தராசுத் தாய். இவர் கையில் கண்ணுக்குத் தெரியாத தராசு ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். "உங்கள் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லையா? என் மகனுக்கு ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. ஒன்பதாம் மாதத்தில் நடந்தான்" என்றார். அந்த மகன் அருகிலேயே, மூன்று வயதில், மூக்கொழுக நின்று என் பேரனின் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். முந்தி நடந்ததால் அவனுக்குத் தனிச் சிறப்பு எதுவும் வந்துவிட்டதாகத் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நலமான குழந்தைகளுள் சில எட்டாம் மாதத்திலேயே தனியே நடக்கின்றன. சில பதினேழு மாதம் வரை காத்திருக்கின்றன. இரண்டும் இயற்கையே.

மூன்றாமவர், கடிகாரத் தாய். பசியால் வீறிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பத்து மணிக்குத்தான் பால், இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது" என்றார். இக்கொள்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. நியூசிலாந்தில் 1907இல் தாய் சேய் நல இயக்கமொன்றைத் தொடங்கிய டாக்டர் துரூபி கிங், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பாலூட்ட வேண்டும் என்று கற்பித்தார். ஆங்கிலம் பேசும் நாடுகள் பலவும் அதை வேதவாக்காகக் கொண்டன. இன்றைய மருத்துவரோ, பசித்தபோது பால் கொடு என்கிறார்கள். குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியாது என்பதை அறிந்துகொள்ள அறிவியலுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின!

நான்காமவரும் ஐந்தாமவரும் இணைபிரியாத எதிரிகள். ஒருவர் உரைமருந்துக் கட்சி. மற்றவர் கிரைப்வாட்டர் கட்சி. "வசம்புக்கே பிள்ளை வளர்ப்பான் என்றுதானே பெயர்? கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காயோடு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவு" என்றார் முன்னவர். "சீமை மருந்துக்கு அது ஈடாகுமா?" என்றார் பின்னவர். அந்தச் சீமை மருந்தை 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்டு என்னும் மருந்தாளர் உருவாக்கினார். அந்நாளில் அதில் சிறிது மதுசாரமும் கலந்திருந்தது. பிற்காலத்தில்தான் அது நீக்கப்பட்டது. அக்காலத்துக் குழந்தைகள் அதை அருந்தி அமைதியாக உறங்கியதில் வியப்பென்ன? உண்மையில் ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் தேவையில்லை என்பதே மருத்துவரின் முடிவு. தேனோ, ஓராண்டு நிறையும் வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி கைக்குழந்தையின் உயிருக்கே தீங்கு விளைவிக்கும்.

ஆறாமவர், 'நான் ஒன்றும் சொல்லவில்லை' அம்மையார். "நான் யாருக்கும் புத்தி சொல்வதில்லை, தங்கச்சி. தப்பாக நினைக்காதே" என்று தொடங்கினார். அரை மணி நேரம் கழித்தும் அந்த 'ஒன்றும் சொல்லாதது' முடிந்தபாடில்லை.

ஏழாம் வகையினர் தந்தைமார். இவர்கள் தாழ்வாரத்துக்குள் வருவதில்லை. வெளியே வேப்பமரத்தடியில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நாட்டு நடப்பை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். "குழந்தை பிறந்த தேதி என்ன?" என்று செவிலியர் ஒருவரைக் கேட்டதற்கு, அவர் திகைத்து மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

நகைத்துக்கொண்டிருந்த என் கண்ணில் ஒன்று உறுத்தியது. தடுப்பூசியை இகழ்ந்த ஆச்சி, எங்கள் எல்லோருக்கும் முன்பாக, கதவு திறக்கும் வேளையிலேயே வந்து முதல் ஆளாக அமர்ந்திருந்தார். மெல்லக் கேட்டேன்: "ஆச்சி, பெற்ற ஏழு பேரும் எங்கே இருக்கிறார்கள்?"

அவர் குரல் தாழ்ந்தது. "ஐந்து பேர் இருக்கிறார்கள், தம்பி. ஒன்று மணல்வாரி அம்மையில் போயிற்று. ஒன்று தொண்டை அடைப்பானில் போயிற்று. இவளை மட்டும் ஊசி போடாமல் வைத்திருக்க எனக்குத் துணிவில்லை."

இந்தியாவில் 1971ஆம் ஆண்டில், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 129 குழந்தைகள் முதல் ஆண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020இல் அவ்வெண் 28 ஆகவும், தமிழ்நாட்டில் 13 ஆகவும் குறைந்துவிட்டது. 1985இல் தொடங்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்துக்கு அதில் பெரும் பங்குண்டு. ஆச்சியின் உரத்த குரலுக்கு உள்ளே இரண்டு சிறு கல்லறைகள் இருந்தன. ஒரு வகைக்குள் அடைத்து நான் சிரித்த பெண்ணிடம் எனக்குத் தெரியாத துயரம் ஒன்று இருந்தது.

ஆச்சிமார் மட்டுமா தவறினார்கள்? அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் கோடிக்கணக்கான வீடுகளில் குடியேறியது. அதன் பிந்தைய பதிப்புகள் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லின. கைக்குழந்தைகளின் திடீர் மரணத்துக்கும் அப்படுக்கைக்கும் தொடர்புண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. 1990களில் பல நாடுகள், மல்லாத்திப் படுக்க வையுங்கள் என்று பரப்புரை செய்தன. அத்தகைய மரணங்கள் பெருமளவு குறைந்தன. அன்புடன் சொல்லப்பட்டதும், படித்தவர் சொன்னதும்கூடப் பிழையாகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எங்கள் முறை வந்தது. பேரனின் வாயில் சொட்டு மருந்து விட்டார்கள், ஊசிகள் போட்டார்கள். அவன் ஊர் கேட்க அழுது ஓய்ந்தான். அட்டையில் குறித்து முடித்த செவிலியர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மகளை நோக்கினார்.

"குழந்தை நன்றாக இருக்கிறான். நீ எப்படி இருக்கிறாய், அம்மா? தூங்குகிறாயா?"

என் மகள் வாய் திறக்கவில்லை. கண்ணீர்தான் வந்தது. வெகுநேரம் கழித்து, "பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை, சிஸ்டர். எதைச் செய்தாலும் தப்பு என்கிறார்கள். நான் நல்ல தாய் இல்லையோ என்று பயமாக இருக்கிறது" என்றாள்.

துணிப்பையைக் கையில் பிடித்தபடி நின்ற எனக்கு நாணம் மேலிட்டது. ஆறு வாரங்களாக நாள்தோறும் நான் கேட்ட கேள்விகள் என்னென்ன? பிள்ளை பால் குடித்தானா? பிள்ளை தூங்கினானா? பிள்ளை ஏன் அழுகிறான்? "நீ சாப்பிட்டாயா, மகளே?" என்று ஒரு நாளேனும் கேட்டேனா? தாழ்வாரத்தில் ஏழு வகையினரை எண்ணிய நான், எட்டாவது வகையை எண்ண மறந்துவிட்டேன். கண்ணெதிரே இருக்கும் மகளைக் காணாத தந்தையே அந்த எட்டாமவர்.

செவிலியர் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பேறுகாலத்துக்குப் பின் சில நாள்கள் மனம் கலங்குவது இயல்பு. ஆனால் அக்கலக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோய், குணப்படுத்தக்கூடிய நோய். இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து தாய்மாருள் ஒருவரை அது தொடுகிறது என்று 2017இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. அது சோம்பலுமன்று, செல்லமுமன்று, தாய்ப்பாசக் குறைவுமன்று. அருகில் மருத்துவர் இல்லாதவர்கள், அரசின் 'டெலி மானஸ்' மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இன்று என் மகள் தேறி வருகிறாள். மருத்துவர் சொன்னவற்றுள் முதலாவது உறக்கம். ஆகவே பாலூட்டியபின் பேரனைத் தோளில் போட்டு உறங்க வைக்கும் இரவுப் பணி எனக்கும் என் மனைவிக்கும் முறை வைத்துப் பகிரப்பட்டுள்ளது. வார இறுதியில் மருமகன் வந்து அப்பணியை ஏற்கிறார். பிள்ளை பிறந்த தேதி மட்டுமன்றி, பிள்ளை எழும் நேரங்களும் இப்போது அவருக்கு மனப்பாடம்!

டொனால்டு வின்னிகாட் என்னும் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், 1940களில் வானொலி வழியாகத் தாய்மாரோடு பேசி வந்தவர். குழந்தைக்குக் குறையே இல்லாத தாய் வேண்டியதில்லை, போதிய அளவு நல்லவளான தாய் இருந்தால் போதும் என்பது அவர் வகுத்த கருத்து. இளந்தாய் ஒருத்தியின் காதில் யாரேனும் ஓத வேண்டுமாயின் இதை ஓதலாம்.

ஆகவே, அன்பர்களே, கைக்குழந்தையோடு வரும் பெண்ணைக் கண்டதும் நாக்கு துறுதுறுக்கும்போது, முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ எப்படி இருக்கிறாய், அம்மா?" விடையை முழுவதும் கேளுங்கள். பிறகு அவள் கையிலிருக்கும் பிள்ளையை அரை மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னும் அறிவுரை மிச்சமிருந்தால் அடுத்த புதன்கிழமைக்கு ஒத்தி வையுங்கள்.

அறிவுரை வேண்டாம் என்று சொல்ல வந்து, இரண்டு பக்க அளவுக்கு அறிவுரை கூறிவிட்டேன். 'நான் ஒன்றும் சொல்லவில்லை' அம்மையார் என்னை மன்னிப்பாராக!